ஒரு கட்டு பாலக்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் எனக்கு ஒரு சால்வை, ஒரு கைக்கடிகாரம், பச்சை நிறத் தகர டப்பாவில் கிரீன் டீ எல்லாம் கொடுத்தார்கள். சால்வையும் கடிகாரமும் எல்லோருக்கும் கொடுப்பது. கிரீன் டீ எனக்கென்று தனியாக வாங்கியது. அந்த வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக வந்திருந்தது. "அங்கிள், இனிமே சாய் பந்த், பால் டீயே கிடையாது. இதுதான்" என்று பக்கத்து மேஜைப் பெண் டப்பாவைக் கையில் வைத்தாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

மும்பையில் மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கத்தில், கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ் அது. முப்பத்து மூன்று வருடம் அங்கே குமாஸ்தாவாக இருந்தேன். பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்யாணமான பிறகுதான் செம்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடிக்கு நாங்கள் வந்தோம். காலை எட்டேகால் ரயிலில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற மறுநாள் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டேன்.

"கத்தரிக்கோல் பத்து வருசமா அந்த ஆணியிலதான் தொங்குது. நீங்கதான் இன்னைக்கு வீட்டுக்கு வந்திருக்கிய" என்றாள் என் மனைவி.

அவள் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்தவள். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தாள். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, கிலோ பாக்கெட்டாகக் கட்டி, எங்கள் கட்டடத்துக்கும் அடுத்த இரண்டு கட்டடங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கே கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிடும். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரை அந்தச் சத்தம் எனக்கு அலாரம். வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் எவ்வளவு வேலை செய்கிறாள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அரிசியைக் களைந்து, தூக்கி, கொட்டி, வழித்து, கட்டி. இதயத்தில் உலோக வால்வு வைத்த பெண் செய்கிற வேலையா இது என்று அப்போதுதான் தோன்றியது. அதுவரை தோன்றவே இல்லை.

பத்து வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஊசி போட்டார்கள், குறைந்தது, விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் உள்ளே இதய வால்வைத் தின்றுவிட்டுப் போனது எங்கள் மகள் பிறந்தபோதுதான் தெரிந்தது. மகளுக்கு எட்டு வயதாகும்போது அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து புது வால்வு வைத்தார்கள். பதினான்கு நாள் வார்டு வராந்தாவில் தரையில் படுத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, நம் கடமையைச் செய்துவிட்டோம் என்று.

வால்வு வைத்துக்கொண்டவர்கள், அதில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அது கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் ரத்தக் கட்டி. அதனால் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, மாத்திரையைக் கால் கூட்டவா, அரை குறைக்கவா என்று கேட்டு வர வேண்டும். இவ்வளவு விவரமாக நான் இப்போது எழுதுகிறேன். அன்று எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. மாதத்தில் ஒரு புதன்கிழமை அவள் தனியாக பஸ் ஏறிப் போவாள். ராத்திரி சாப்பாடு போடும்போது, "ரத்தம் பாத்தாச்சு. சரியாத்தான் இருக்காம்" என்பாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பேன்.

அந்த வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. கரண்ட் போய் ஃபேனும் டிவியும் நின்றுவிட்டால், அவள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு டிக், டிக் என்று மெல்லக் கேட்கும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா கடிகாரத்தை முழுங்கிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

இனி கிரீன் டீ. முதல் நாள் வெந்நீரில் போட்டுக் குடித்துப் பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. மகளுக்குப் போன் செய்து புலம்பினேன். அவள் கல்யாணமாகி சான்பாடாவில் இருக்கிறாள், ஐடி கம்பெனி வேலை.

"ப்பா, அத ப்ளெயினா யாரு குடிப்பாங்க? ஸ்மூதி பண்ணுங்க. ஏக்தம் ஈஸி. வீடியோ அனுப்புறேன், பாருங்க."

வீடியோவில் ஒரு பெண் பளபளக்கும் சமையலறையில் நின்றுகொண்டு செய்தாள். நான் அதை நாலு தடவை பார்த்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். தண்ணீர் கொதித்ததும் உடனே டீயைப் போடக் கூடாது. இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். மூன்று நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பிறகு மிக்ஸியில் ஒரு கை பாலக் கீரை, பாதி வாழைப்பழம், பாதி ஆப்பிள், சின்னத் துண்டு இஞ்சி. குளிர்ந்த டீயை ஊற்றி, நைஸாக அடித்து, கடைசியில் எலுமிச்சை பிழிய வேண்டும்.

செம்பூர் மார்க்கெட்டில் பாலக் வாங்கப் போனேன். எத்தனை வருடம் அந்த வழியாக ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறேன், ஒரு கடையில்கூட நின்றதில்லை. கீரைக்காரி ஒரு கட்டை உதறிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கழுவினால் தண்ணீரில் மண்ணும் ஒரு சின்ன நத்தையும் வந்தன. மூன்று தடவை கழுவச் சொன்னாள் மனைவி. மிக்ஸியை ஓட்டும்போது மூடியைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். மூடி பறந்தது. சுவரிலும், சுவாமி படத்திலும், என் பனியனிலும் பச்சை.

அவள் மாவு வழித்துக்கொண்டிருந்த கையோடு வந்து பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூடியப் பிடிக்காம யாராவது ஓட்டுவாவளா? கஸ்டம்ஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலியாக்கும்!"

ஜாரில் மிஞ்சியது இரண்டு டம்ளருக்கு வந்தது. ஒன்றை அவளிடம் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னையும் டம்ளரையும் பார்த்தாள்.

"எனக்குமா?"

"பின்ன யாருக்கு?"

ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள். சட்னி ஜாரில் அடித்திருந்தேன், பூண்டு வாடை போகவில்லை. இருந்தாலும் முழுவதும் குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "கல்யாணமாயி இருவத்தேழு வருசம் ஆச்சு. உங்க கையால வாங்கிக் குடிக்கிற மொத டம்ளர் இதுதான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத்தான் எங்கோ குத்தியது. தினமும் போட்டுக் கொடுப்பது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

அப்படியே செய்தேன். காலையில் நடந்துவிட்டு வரும்போது ஒரு கட்டு பாலக் வாங்கி வருவேன். முந்தின சாயங்காலமே டீ வடிகட்டி ஃபிரிட்ஜில் இருக்கும். அவள் கிரைண்டரை நிறுத்தும் நேரம் பார்த்து மிக்ஸியை ஓட்டுவேன். ஜன்னல் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு இருவரும் குடிப்போம். ஆபீஸ் நாட்களில் காலையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இப்போது பேச ஆரம்பித்தோம். எந்த வீட்டுப் பையன் என்ன படிக்கிறான், யார் மாவு வாங்கிவிட்டுப் புளிப்பு பற்றாது என்கிறார்கள், அவள் சின்ன வயதில் லேபர் கேம்ப்பில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த கதை, எல்லாம். சில கதைகளை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள், "கீரைய அளவாத் திங்கச் சொல்லிருக்காவ டாக்டர்மாரு. நெதமும் இவ்வளவு வேண்டாமே?"

"அது கறி வச்சுத் திங்கிறது. இது பச்சையா அரைச்சது. ஒடம்புக்கு நல்லது" என்றேன். எங்கிருந்து அப்படி ஒரு நிச்சயம் வந்ததோ தெரியாது. கஸ்டம்ஸ் காகிதத்தில் ஒரு எழுத்து மாறினாலும் நாலு பேரிடம் கேட்கிறவன் நான்.

அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி, நீங்க சொன்னாச் சரிதான்" என்று குடித்துவிட்டாள்.

ஆடி மாதம். மழை. அந்த மாதப் புதன்கிழமை ஹார்பர் லைன் தண்டவாளத்தில் தண்ணீர், ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை. அவளால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு வீட்டு வளைகாப்புக்குப் பதினைந்து கிலோ மாவு. அதற்கடுத்த வாரம் அவளுக்கு இருமல். "ஒரு மாசம் தள்ளிப் போனா என்ன, எப்பவும் சரியாத்தான இருக்கு" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் கொஞ்சம் சோர்ந்து தெரிந்ததால் ரத்தம் ஊறட்டும் என்று பாலக்கை ஒரு கையிலிருந்து இரண்டு கையாக்கினேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. கூடத்தில் தரையில் படுத்திருந்தவள், "ஏங்க, இங்கன வாங்க. எனக்குச் சத்தம் கொறஞ்ச மாதிரி இருக்கே" என்றாள்.

குனிந்து கேட்டேன். டிக் டிக் என்ற அந்தக் கூர்மை இல்லை. துணிக்குள் சுற்றி வைத்த கடிகாரம் போல மந்தமாக இருந்தது.

"நல்லதுதான ஏட்டி. வால்வு பைய பழகிருச்சு போல. எல்லாம் நம்ம பச்சைத் தண்ணியோட வேல" என்றேன்.

இருவரும் சிரித்தோம். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நாலைந்து நாள் யோசித்தேன். விட்டால் மற்றது எதையும் எழுதுவதில் அர்த்தமில்லை.

அதற்குப் பிறகு ஒன்பதாவது நாள் காலை. நான் சமையலறையில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவள் மாவை பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மறுபடி எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். மாவு மடியில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, கையை நகர்த்தவில்லை.

தலைசுற்றல் என்று நினைத்தேன். வெறும் வயிறு, பலவீனம். ஓடிப்போய் அடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து வந்து, தலையைத் தாங்கி, வாயில் வைத்தேன். "ஒரு வாய் குடி, சரியாப் போயிரும்" என்றேன். அவள் குடிக்கப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. வலது கடைவாயிலிருந்து பச்சையாக வழிந்து கழுத்தில் இறங்கியது.

கதவு திறந்தே இருந்தது. மாவு வாங்க வந்த எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாள் வாசலில் நின்று ஒரு நொடிதான் பார்த்தார். "பாவூ, ஒண்ணும் குடுக்காதீங்க! வாய் கோணியிருக்கு பாருங்க!" என்று இந்தியில் கத்திவிட்டு, மாடிப்படியில் நின்று ஆட்டோவுக்குக் குரல் கொடுத்தார். அவர் மகனும் நானும் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் என் மகள் வயதுகூட இருக்காத ஒரு டாக்டர் பெண் கேள்வி கேட்டாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? தெரியாது, வெள்ளையா இருக்கும். எத்தனை? ராத்திரி ஒன்று... ஒன்றரையோ. கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது, எவ்வளவு இருந்தது? சரியாக இருந்தது என்று சொன்னாள். என்ன நம்பர்? நம்பர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் இல்லாமல், மாவு காய்ந்த சட்டையோடு நின்றேன்.

"சாப்பாட்டில் சமீபத்தில் ஏதாவது மாற்றம்?"

இதற்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவசரமாகச் சொன்னேன். "ஆமாம், நல்ல சாப்பாடுதான். இரண்டு மாதமாகத் தினமும் பாலக்கும் கிரீன் டீயும் போட்டு ஜூஸ் கொடுக்கிறேன்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கீரையில் இருக்கும் ஒரு சத்து அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்றும், சாப்பிடவே கூடாது என்பதில்லை, திடீரென்று கூட்டக் கூடாது என்றும் நிதானமாக விளக்கினாள். வால்வில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது.

"அப்போ என்னாலதானா?" என்று இந்தியில் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது. டெஸ்டும் தவறியிருக்கு. மாத்திரை விட்டுப் போயிருக்கலாம். பல காரணம் இருக்கும். இது ஒன்றுதான் என்று யாராலும் சொல்ல முடியாது."

எல்லா டாக்டர்களும் பிறகு இதையேதான் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

மகள் சான்பாடாவிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து அம்மாவின் ஃபைலை எடுத்து வந்தாள். பதினெட்டு வருடக் காகிதங்கள், தேதி வாரியாக, ஒன்றுகூடக் கலையாமல். நடுவில் மராத்தியில் அச்சடித்த உணவுக் குறிப்பு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலால், அவளுடைய உருண்டை உருண்டையான தமிழில் எழுதியிருந்தது: 'கீரை எப்பவும் ஒரே அளவு. திடீர்னு கூட்டக் கூடாது. கூட்டினால் மாத்திரை வேலை செய்யாது.'

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. "சரி." பசித்தால் சரி, வலித்தால் சரி, ஃபேனைப் போடச் சொல்வதும் சரி, நிறுத்தச் சொல்வதும் சரி. எந்தச் சரி என்பதைக் குரலை வைத்து நான் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் தப்பாகத்தான் கண்டுபிடித்தேன். அப்போது கண்ணை மூடிக்கொண்டு அலுப்போடு ஒரு "சரி" சொல்வாள். கிரைண்டரை எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். கஞ்சி காய்ச்சவும், பருப்பை மசிக்கவும், அவளைப் புரட்டிப் படுக்க வைத்துத் துடைத்துவிடவும் கற்றுக்கொண்டேன். எந்த மாத்திரை எப்போது என்பது தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும் என்று ஆனது.

ஒருநாள் காலை தலை வாரிவிடும்போது கேட்டே விட்டேன். பின்னால் நின்றிருந்ததால் கேட்க முடிந்தது.

"ஏட்டி, ஒனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுதான் குடிச்சியா?"

அவள் இடது கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "சரி" என்றாள்.

முன்பக்கம் வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்கிறாளா, விடுங்கள் என்கிறாளா, கேள்வியே புரியவில்லையா, எதுவும் தெரியவில்லை. சீப்பை எடுத்து மீதித் தலையை வாரினேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. நேரமாகியும் வராததால் போய்ப் பார்த்தேன். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ப்பா, அம்மா எனக்கு போன்ல சொன்னாங்க. உங்கப்பா எனக்கும் ஜூஸ் போட்டுக் குடுக்காவன்னு சிரிச்சாங்க. பாலக்னுகூட சொன்னாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன் ப்பா. குட் மா, குட் மான்னு சொல்லி போனை வச்சுட்டேன். எனக்கு அந்தக் கீரை விஷயம் தெரியும் ப்பா. ஸ்கூல் லீவுல அம்மாகூட எத்தன தடவ அந்த கியூல நின்னிருக்கேன்!"

நான்கு மாதமாக அவள் இதைச் சுமந்துகொண்டு ரயிலில் வந்து போயிருக்கிறாள். நான் என் பாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஊத்திக் குடுத்தது நான். நீ இல்ல" என்றேன்.

"வீடியோ அனுப்புனது நான்தானே."

"எனக்குத்தான அனுப்புன. எனக்குச் சக்கரைன்னு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இப்படிப் பங்கு கேட்டுக்கொண்டு நின்றோம். உள்ளே கட்டிலிலிருந்து "சரி! சரி!" என்று அதட்டலாகக் குரல் வந்தது. கஞ்சி ஆறுகிறது என்று கூப்பிடுகிறாள். அந்த ஒரு தடவை அர்த்தம் இருவருக்குமே தவறாமல் புரிந்தது. மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மீதியை ஊட்டினாள்.

தை மாதக் குளிரில் என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டியது. விழுங்குவது சில சமயம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஏழாவது நாள் மத்தியானம், மகள் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். நான் பிடித்திருந்தது உணர்ச்சியில்லாத வலது கை. இடது கை மகளிடம் இருந்தது. அது நல்லதுதான்.

பதினாறு முடிந்து வீட்டை ஒழுங்கு செய்தபோது, பிரிக்காத மாத்திரை அட்டைகள் எட்டு இருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்தால் வாங்க முடியாதவர்களுக்கு உதவும் என்று மகள் சொன்னாள். என் மனைவி எப்போதும் கொண்டுபோகும் துணிப்பையில், ரவிக்கைத் துண்டுகளை ஒட்டி அவளே தைத்தது, அட்டைகளைப் போட்டுக்கொண்டு ஒரு புதன்கிழமை அவள் போகிற பஸ்ஸிலேயே போனேன்.

ரத்தம் எடுக்கிற அறை வாசலில் நீள பெஞ்சுகள். நாற்பது ஐம்பது பேர். எல்லோர் மடியிலும் ஃபைல். அட்டைகளை வாங்குகிற மேஜைக்காரர் இன்னும் வரவில்லை என்றார்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மராத்திக்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைக் காட்டி இந்தியில் கேட்டாள்.

"இது இட்லி தாயியோட பை இல்லியா? கண்பதி பண்டிகைக்கு எல்லாருக்கும் இட்லி கொண்டு வருவாங்களே?"

தாயி என்றால் மராத்தியில் அக்கா. ஆமாம் என்றேன். என் மனைவி என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அதே வால்வுதான். ஒன்பது வருடமாக இருவரும் இதே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்களாம்.

"நீங்கதான் அந்த அண்ணனா? கடைசியா வந்தப்போ சொன்னாங்க. 'எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டார். அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வர்றேன், பாருங்க'ன்னு சொன்னாங்க. நாங்க எல்லாரும் கேலி பண்ணினோம். இங்க யாரோட புருஷனும் வர்றதில்ல."

என்னிடம் என் மனைவி அப்படிக் கேட்கவே இல்லை. மழைக்குப் பிறகு கேட்கலாம் என்று இருந்தாளோ, கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தெரிந்து விட்டுவிட்டாளோ. கேட்டிருந்தால் போயிருப்பேனா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்து நான் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேஜைக்காரர் வந்து அட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, கையிலிருந்த ஃபைலையும் குடையையும் எங்கே வைப்பது என்று பார்த்தாள்.

"குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நேரமாகும் என்று தெரிந்தது. நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.